மேல்மூடியில் பொறித்த ஆண்டை நம்பி நான் வாங்கிய எஸ்.கே.எஸ்

கனடாவில் உரிமம் பெற்றுப் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, எஸ்.கே.எஸ் என்ற சோவியத் அரைத் தானியங்கித் துப்பாக்கி மீதுதான் எனக்குத் தனி ஈடுபாடு. அதன் முதல் இரண்டு ஆண்டுத் தயாரிப்பில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் நான் செய்த தவறையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இதே தேடலில் இருக்கும் ஒருவருக்காவது பணமும் மனவருத்தமும் மிச்சமாகும் என்று நம்புகிறேன்.

ஒரு சேகரிப்பாளர் சந்தையில் மேசைமேல் கிடந்த துப்பாக்கியின் மேல்மூடியில், ரஷ்யாவின் துலா தொழிற்சாலையின் நட்சத்திர முத்திரையும் அதன்கீழ் 1950 என்ற ஆண்டும், ஆண்டைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லின் முதலெழுத்தும் தெளிவாகத் தெரிந்தன. விற்றவர் வழக்கமான விலையைவிடக் கூடுதலாகக் கேட்டார். நான் பேரம்கூடப் பேசாமல் கொடுத்தேன். அன்றிரவு வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான், குழலின்மேல் இருந்து வெடிவாயுவை இயக்கத்துக்குத் திருப்பிவிடும் கேஸ் பிளாக் என்ற உறுப்பு வளைந்த வடிவத்தில் இருப்பதைக் கவனித்தேன். 1950இல் செய்த துப்பாக்கியில் அந்த வடிவம் இருக்க வழியில்லை.

வலப்பக்கம் பின்னால் இருக்கும் நெம்பை மேலே திருப்பி வெளியே இழுத்து, மேல்மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பழைய தொடர் எண்ணின்மேல் குறுக்குக் கோடு ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே மின்பேனாவால் கீறிய மெல்லிய, நடுக்கமான எழுத்தில் வேறொரு எண் இருந்தது. அந்தப் புதிய எண்தான் துப்பாக்கியின் நடு உடலான ரிசீவரின் இடப்பக்கத்தில் ஆழமாக அச்சடிக்கப்பட்டிருந்தது. அதாவது மூடி ஒரு துப்பாக்கியுடையது, உடல் வேறொன்றுடையது. பழுதுநீக்கும் கிடங்கில் இரண்டையும் சேர்த்து, எண்ணை ஒத்துப்போகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். நடுவே சாய்கோடு ஓடும் சிறு சதுர முத்திரையும் மூடியில் இருந்தது. கிடங்கில் சீரமைக்கப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம். விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவரும் என்னைப் போலவே மூடியை மட்டும் படித்தவர்.

இந்தக் கலப்பு ஏன் இவ்வளவு சாதாரணமாக நிகழ்கிறது என்பதற்குத் துப்பாக்கியின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. செர்கெய் சிமோனோவ் வடிவமைத்த இந்தத் துப்பாக்கி இரண்டாம் உலகப் போரின் இறுதியில் முதல் பெலாரஷ்ய முன்னணி என்ற சோவியத் படைத்தொகுதியில் சோதிக்கப்பட்டு, 1949இல்தான் படையில் முறையாகச் சேர்க்கப்பட்டது. துலாவில் 1949 முதல் 1950களின் நடுப்பகுதி தாண்டியும், இஷெவ்ஸ்கில் 1953, 1954 ஆகிய இரண்டே ஆண்டுகளும் தயாரானது. அதற்குள் கலாஷ்னிகோவ் துப்பாக்கி முன்வரிசைப் படைகளின் கைக்கு வந்துவிட்டதால், எஸ்.கே.எஸ் துப்பாக்கிகள் பெருமளவில் கிடங்குக்குத் திரும்பின. அங்கே அவற்றைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, காஸ்மோலின் என்ற கெட்டி மசகைப் பூசிப் பெட்டியில் அடுக்கிவைத்தார்கள். பிரித்த உறுப்புகள் அதே துப்பாக்கிக்கே திரும்பிச் சேர வேண்டும் என்ற கவலை ஒரு போர்வீரனுக்கோ கிடங்குத் தொழிலாளிக்கோ இருக்க வேண்டியதில்லை. அந்தக் கவலை நம்முடையது மட்டுமே.

ஆகவே இப்போது நான் முதலில் பார்ப்பது கேஸ் பிளாக்கைத்தான். குழலோடு முளையாணி அடித்துப் பொருத்திய உறுப்பு அது. மூடியைப் போல நொடியில் மாற்றிவிட முடியாது. பக்கத்திலிருந்து பார்த்தால், மிக முற்பட்டவற்றில் அது குழலிலிருந்து செங்குத்தாக, 90 பாகையில் எழும். அடுத்து ஏறத்தாழ 1950, 1951 காலத்தவற்றில் 45 பாகைச் சரிவாக இருக்கும். அதன்பின் வந்தவற்றில் வளைவாகிவிடும். மாற்றம் ஒரே நாளில் நடந்ததில்லை, கையிருப்பில் இருந்த பழைய உறுப்புகளும் தீரும்வரை பயன்பட்டிருக்கும். எனவே எல்லைக்கோட்டு ஆண்டுகளில் பிடிவாதமாக முடிவு கட்டக் கூடாது. ஆனால் 1950 என்ற மூடியும் வளைந்த கேஸ் பிளாக்கும் சேர்ந்திருந்தால் சந்தேகிக்கத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட். இதைக் கண்ணைவிடக் காதும் விரலும் நன்றாகச் சொல்லும். முற்பட்ட துப்பாக்கிகளில், தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஃபயரிங் பின்னைப் பின்னோக்கித் தள்ளிவைக்கும் ஸ்பிரிங் உண்டு. பின்னாளில் அதை நீக்கிவிட்டார்கள். சுத்தமான போல்ட்டைக் காதருகே வைத்து ஆட்டினால், ஸ்பிரிங் இல்லாததில் ஃபயரிங் பின் முன்னும் பின்னும் ஓடிக் கடகடவென்று ஒலிக்கும். ஸ்பிரிங் உள்ளதில் ஒலி எழாது. பின்னால் விரலால் அழுத்தினால் ஃபயரிங் பின் முன்னே வந்து, விட்டதும் தானாகத் திரும்பும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஸ்பிரிங் இல்லாத போல்ட்டுக்குள் பழைய காஸ்மோலின் இறுகியிருந்தால் ஃபயரிங் பின் முன்னோக்கிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம். அந்த நிலையில் போல்ட் மூடும்போது விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கும் அபாயம் உண்டு. வாங்கியவுடன் போல்ட்டை முழுவதும் பிரித்துக் கழுவாமல் சுடும் இடத்துக்கு எடுத்துச் செல்லவே கூடாது.

குழலின் உட்பக்கத்தில் குரோமியப் பூச்சு ஏறத்தாழ 1951 முதல்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் வெறும் எஃகுதான். பழைய ராணுவத் தோட்டாக்களின் ப்ரைமர், அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி, விட்டுச்செல்லும் உப்பு அதை எளிதில் அரித்துவிடும் என்பதால், முற்பட்ட ஒன்றின் குழல் கொஞ்சம் கருத்தும் குழிவிழுந்தும் இருப்பதை நான் குறையாகக் கருதுவதில்லை.

துப்பாக்கி முனையில் இருக்கும் குத்தீட்டியான பயனெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் பேர் வழுக்கும் இடம் அதுதான். 1949 துலாத் தயாரிப்பில் ஊசி வடிவப் பயனெட் இருந்தது, பிறகு கத்தி வடிவத்துக்கு மாறினார்கள் என்பது உண்மை. என் நண்பர் ஒருவர் இதை மட்டும் படித்துவிட்டு, ஊசிப் பயனெட் கொண்ட ஒன்றை மகிழ்ச்சியோடு வாங்கிவந்து என்னிடம் காட்டினார். ரிசீவரின் இடப்பக்கத்தில் முக்கோணத்துக்குள் 26 என்ற எண் இருந்தது. அது சீனத் தொழிற்சாலையின் முத்திரை. சோவியத் உதவியோடு 1956இல் சீனா தொடங்கிய தயாரிப்பில் வரிசை தலைகீழ்: முதலில் கத்தி, 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகே ஊசி. சோவியத்தில் முற்பட்டதற்கு அடையாளமான அதே உறுப்பு, சீனத்தில் பிற்பட்டதற்கு அடையாளம். அவருக்கு அதைச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருந்தது; நல்ல நிலையில் இருந்த துப்பாக்கி, பெயர்தான் தவறு.

கனடாவில் வாங்குவோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பத்துத் தோட்டா கொள்ளும் மேகசினை ஐந்துக்குக் கட்டுப்படுத்தச் சட்டப்படி ரிவெட் அடித்திருப்பார்கள். அது இறக்குமதிக்காகச் செய்யப்பட்ட வேலை; துலாவின் மாறுபாடு என்று குறித்துவைக்கக் கூடாது.

மூன்று ஆண்டு தேடலுக்குப் பின் நான் விரும்பியது கிடைத்தது. மூடியில் 1950, கேஸ் பிளாக் 45 பாகை, போல்ட்டை ஆட்டினேன், சத்தமில்லை. ரிசீவர், மூடி, போல்ட், போல்ட் கேரியர், விசைத் தொகுதி, மேகசின், கட்டை என ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தொடர் எண்ணின் ஒரே எழுத்தும் ஒரே எண்ணும், அச்சடித்த வடிவிலேயே இருந்தன; மின்பேனாக் கீறல் எங்கும் இல்லை. ஆனால் கட்டையை முந்தைய உரிமையாளர் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக வார்னிஷ் அடித்திருந்தார். மரத்தின் இடப்பக்கத்தில் தொழிற்சாலை முத்திரை இருந்திருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினால், நட்சத்திரத்தின் ஒரே ஒரு முனை மட்டும் இன்னும் லேசாகத் தட்டுப்படுகிறது. நான் அதன்மேல் மெழுகுகூடப் பூசவில்லை.