13 நொடியை பில்ஸ் எப்படிக் கோட்டை விட்டது?

நாலாவது_டவுன்
அமெரிக்கக் கால்பந்து லீக் என்எஃப்எல்லோட 2021 சீசன், ஏஎஃப்சி டிவிஷனல் ரவுண்ட் (நாக்அவுட் மேட்ச்), பில்ஸும் சீஃப்ஸும், ஆரோஹெட் மைதானம் (2022 ஜனவரி 23). பில்ஸோட கேப்ரியல் டேவிஸ் தன்னோட நாலாவது டச்டவுனை (எதிரணியோட கடைசிப் பகுதியான எண்ட் சோன்ல பந்தைச் சேர்க்கிறது) பிடிச்சதும் பில்ஸ் 36-33 முன்னிலை. மிச்சம் 13 நொடி. அதுக்குள்ள சீஃப்ஸ் 44 யார்டு போய் ஃபீல்ட் கோல் (கம்பத்துக்கு நடுவுல உதைச்சு எடுக்கிற 3 புள்ளி) அடிச்சு சமன் பண்ணிட்டாங்க. ரெண்டு சந்தேகம். கிக்ஆஃபை (புள்ளி எடுத்த அணி எதிரணிக்கு அடிக்கிற உதையை) தரையோட உருட்டி ஸ்க்விப் கிக் அடிச்சிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்குமா? ஓவர்டைம்ல பில்ஸ் குவார்ட்டர்பேக் (பாஸ் எறியறவர்) ஜாஷ் ஆலன் கைக்குப் பந்தே வரலையே, அந்த விதி இன்னும் இருக்கா?

ஸ்பெஷல்டீம்ஸ்
முடிந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கணக்கு பில்ஸ் பக்கம் சாய்ந்திருக்கும்.

நடந்தது இது: உதை டச்பேக் ஆனது, அதாவது பந்து எண்ட் சோன் வரை போய், யாரும் எடுத்து ஓடாமலே நின்றது. டச்பேக்கில் கடிகாரம் நகராது. பந்து சீஃப்ஸின் 25 யார்டு கோட்டில், அதே 13 நொடி, சீஃப்ஸ் கையில் மூன்று டைம்அவுட் (கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு). டைரீக் ஹில்லுக்கு 19 யார்டு பாஸ், மிச்சம் 8 நொடி. டிராவிஸ் கெல்சிக்கு 25 யார்டு, மிச்சம் 3. பந்து பில்ஸின் 31-ல். அதோடு எண்ட் சோன் 10, ஹோல்டர் (உதைக்கப் பந்தைப் பிடித்து வைப்பவர்) பின்னால் மண்டியிடும் தூரம் 8, ஆக 49 யார்டு. சீஃப்ஸ் கிக்கர் ஹாரிசன் பட்கருக்கு அது கைவந்த தூரம்.

இப்போது ஸ்க்விப். உயரமாகக் குட்டையாக அடித்தால் ஃபேர் கேட்ச் (ஓடாமல், யாரும் தடுக்காமல் பந்தைப் பிடிப்பது) கேட்டுவிடுவார்கள், ஒரு நொடிகூடப் போகாது. தரையில் பட்டுவிட்ட பந்துக்கு ஃபேர் கேட்ச் கிடையாது, தொட்டதும் கடிகாரம் ஓடும். 4 நொடி போய் பந்து 35-ல் நின்றது என்று வைப்போம். மிச்சம் 9. அதே ஹில் ப்ளேவை ஓட்டினால் மிச்சம் 4, பந்து பில்ஸின் 46-ல், உதை 64 யார்டு. அன்றைய சாதனையே 66 (ஜஸ்டின் டக்கர், 2021 செப்டம்பர், டெட்ராய்ட்).

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. உருளும் பந்து முன்வரிசை ஆளிடம் மாட்டி, அவர் அதன் மேலேயே படுத்துவிட்டால் ஒரு நொடிதான் போகும், பந்தோ கிட்டத்தட்ட நடு மைதானத்தில். கோச்சுகள் தயங்குவது அதனால்தான்.

கவர்2
கிக்ஆஃபை மட்டும் பிடிச்சுத் தொங்க வேண்டாம். பெரிய தப்பு அதுக்கப்புறம் வந்த ரெண்டு ப்ளே. எதிரணிகிட்ட டைம்அவுட் இல்லைன்னாதான் சைட்லைனை அடைச்சு நடுவை விட்டுக்கொடுக்கணும். மூணு டைம்அவுட் இருக்கிறவனுக்கு நடுவும் ஓரமும் ஒண்ணுதான். பில்ஸ் ஆட்கள் ஆழமா நின்னாங்க, ஹில்லையும் கெல்சியையும் ப்ளே தொடங்குற கோட்டுலயே யாரும் முட்டித் தடுக்கலை.

பிடிச்சு இழுத்திருந்தாகூடப் பரவாயில்லை. டிஃபென்சிவ் ஹோல்டிங்குக்கு 5 யார்டும் முதல் டவுனும் (புதுசா நாலு வாய்ப்பு)தான், போன நொடி திரும்பாது. ஆனா எல்லாரும் சேர்ந்து இழுத்தா மாட்டிக்குவீங்க: நேரத்தைக் கரைக்க ஒரே ப்ளேல பல ஃபவுல் பண்ணினா 15 யார்டு, கடிகாரமும் பழைய இடத்துக்கே போகும். 2017-லயே வந்த விதி.

டாஸ்_போச்சு
ஓவர்டைம் கேள்விக்கு: விதி மாறிவிட்டது, இந்த மேட்ச்தான் காரணம். டாஸில் ஆலன் டெயில்ஸ் கேட்டார், ஹெட்ஸ் விழுந்தது, பந்து சீஃப்ஸுக்கு. சீஃப்ஸ் 8 ப்ளேயில் 75 யார்டு, கடைசியில் கெல்சிக்கு 8 யார்டு பாஸ், 42-36. முதல் பொசெஷனிலேயே (ஓர் அணி பந்தை வைத்து ஆடும் முறை) டச்டவுன் என்றால் ஆட்டம் முடிந்தது என்பது அப்போதைய விதி. அந்த விதியில் நடந்த 12 ப்ளேஆஃப் ஓவர்டைமில் டாஸ் வென்ற அணி 10 முறை ஜெயித்தது, அதில் 7 முறை முதல் பொசெஷனிலேயே. 2022 மார்ச்சில் உரிமையாளர்கள் 29-3 என வாக்களித்து, ப்ளேஆஃபில் இரு அணிக்கும் பந்து உண்டு என்றார்கள். 2025 முதல் வழக்கமான சீசனுக்கும் அதே.

வேடிக்கை என்னவென்றால், 2019 ஜனவரியில் பேட்ரியட்ஸிடம் 37-31 என இதே மாதிரி தோற்றுவிட்டு இந்த மாற்றத்தைக் கேட்டதே சீஃப்ஸ்தான். அப்போது எடுபடவில்லை. இன்னொன்று, பில்ஸை வென்ற அடுத்த வாரமே பெங்கால்ஸுக்கு எதிராகவும் சீஃப்ஸ் டாஸ் வென்றது. சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் பாஸை பெங்கால்ஸின் வான் பெல் பறிக்க, அவர்கள் கிக்கர் மெக்பெர்சன் 31 யார்டு ஃபீல்ட் கோல் அடித்து 27-24 என பெங்கால்ஸ் வென்றது.

நாலாவது_டவுன்
அப்போ இனி டாஸ் ஜெயிச்சா பந்தை எதிரணிக்கு விட்டுடறதுதான் புத்திசாலித்தனமா?

டாஸ்_போச்சு
பெரும்பாலும் ஆமாம். இரண்டாவதாக ஆடுபவருக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று தெரியும், தேவைப்பட்டால் நாலு டவுனையும் பயன்படுத்துவார். 58-வது சூப்பர் பவுலில் (லீக்கின் இறுதி ஆட்டம்) 49ர்ஸ் டாஸ் வென்று பந்தை எடுத்து ஃபீல்ட் கோல் அடித்தார்கள். பதிலுக்கு சீஃப்ஸ் நாலாவது டவுன், ஒரு யார்டு என்ற நிலையில் தயங்காமல் ஆடியது, மஹோம்ஸ் 8 யார்டு ஓடினார், முடிவில் சீஃப்ஸ் 25-22 என வென்றது. 49ர்ஸ் தரப்பு வாதத்தையும் ஒதுக்க முடியாது: இரண்டும் சமமானால் மூன்றாவது பொசெஷனில் யார் முதலில் புள்ளி எடுத்தாலும் ஆட்டம் முடிந்தது, அது முதலில் எடுத்தவருக்குத்தான் வரும்.

ஸ்பெஷல்டீம்ஸ்
ஸ்க்விப் பற்றி ஒரு திருத்தம். 2024-ல் வந்த புது கிக்ஆஃபில் ஃபேர் கேட்ச்சே கிடையாது. பந்து கோல் லைனுக்கும் 20-க்கும் நடுவில் விழ வேண்டும், குறைந்தால் 40-ல் வைத்துவிடுவார்கள். ஆகவே இன்று அந்த 13 நொடி கிடைத்தால், பந்தை அந்தப் பகுதிக்குள் போட்டு எதிரணியை ஓட வைப்பதுதான் வழி.