புதுப்பிப்பு: சிங்கிள் ஆக்‌ஷனா, டபுள் ஆக்‌ஷனா? அத்தான் வாங்கிவிட்டார்

போன மாதம் கேட்டிருந்தேன்: டெக்சாஸில் இருக்கும் அத்தான் .357 மேக்னம் (தோட்டாவின் வகை) ரிவால்வர் வாங்கப் போகிறார், சிங்கிள் ஆக்‌ஷன், டபுள் ஆக்‌ஷன் இரண்டில் எது நல்லது என்று. பாதிப் பேர் சிங்கிள் ஆக்‌ஷனான ரூகர் பிளாக்ஹாக் என்றீர்கள். நானும் அந்தக் கட்சிதான்.

சனிக்கிழமை அவர் இரண்டு வகையையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தார். அங்கே காலை பத்து, இங்கே பெங்களூரு அல்சூரில் ராத்திரி எட்டரை. அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ காலில் பார்த்தேன்.

பிளாக்ஹாக்கில் ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் இருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும், அதுதான் சிங்கிள் ஆக்‌ஷன். ட்ரிக்கர் வெண்ணெய் மாதிரி. உதைக்கும்போது பிடி உள்ளங்கையில் உருள்கிறது, அதுவும் ஒரு சுகமாம். ஆனால் சுட்ட ஆறு கூடுகளையும் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளி எடுப்பதற்குள் எனக்கு இங்கே தோசை கருகிவிட்டது. டபுள் ஆக்‌ஷன் ஜிபி100இல் (இதுவும் ரூகர்தான்) ட்ரிக்கரை அழுத்தினாலே சுத்தியல் தானே பின்னால் போய் அடிக்கும்; சுட்டு முடித்ததும் தோட்டா இருக்கும் சிலிண்டரை வெளியே சாய்த்து, கம்பியில் ஒரு தட்டு, ஆறும் கீழே.

அதோடு, ஜிபி100ஐயும் சுத்தியலை இழுத்து வைத்துச் சுடலாமே! இதை நான் யோசிக்கவே இல்லை.

சரி, அதையே வாங்கிவிட்டார். பழகுவதற்கு அதிலேயே .38 ஸ்பெஷல் என்ற வலு குறைந்த தோட்டா போடுகிறார், உதை குறைவு. அக்காதான் இன்னும் அவரிடம் பேசவில்லை.