ஆயிரம் யானைக்குத் தீனி எங்கே?

ஏட்டுச்சுரைக்காய்:
சோழர் கலிங்கத்தை வென்ற போரைப் பாடும் கலிங்கத்துப்பரணி பற்றி நேற்று ஒருவர் முழங்கியிருந்தார்: "ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குத்தான் பரணி என்னும் போர்ப்பாட்டு. அந்தப் போரைக் கொண்டாடாமல் வேறு எதைக் கொண்டாடுவது?" கொண்டாடுங்கள் ஐயா, கணக்கை மட்டும் காட்டுங்கள். ஒரு யானைக்கு நாளுக்கு 150 கிலோ பசுந்தீனி, 100 லிட்டர் தண்ணீர். ஆயிரத்துக்கு 150 டன், ஒரு லட்சம் லிட்டர். கலிங்கத்தான் எங்கே வைத்திருந்தான்?

தொண்டைநாட்டான்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லத் தைரியம் இல்லையோ? கலிங்கம் யானைக்காடு. தானாக மேய்கிறதுக்கு டன் கணக்கு எதற்கு? காஞ்சியில் கிளம்பி, பாலாறு தொடங்கி கோதாவரி வரை ஆறு ஆறாகத் தாண்டிப்போய் அடித்தானே சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், அதைப் பேசும்.

ஏட்டுச்சுரைக்காய்:
தானாக மேய யானைக்கு முக்கால் நாள் வேண்டும். அணியில் நிறுத்தினால் தழை வெட்டிவந்து போட ஆள் வேண்டும். அதற்கு உடம்பு வியர்க்காது. வெயிலில் தண்ணீர் இல்லாமல் நிறுத்தினால் சுருண்டுவிடும். மதம் பிடித்தது பாகன் சொல்லுக்கு அடங்குவது அரிது. துதிக்கையில் அம்பு தைத்தால் திரும்பி ஓடித் தன் காலாட்படையையே மிதிக்கும். கி.மு. 207இல் ரோமானியரோடு நடந்த மெட்டாரஸ் போரில் கார்த்தேஜ் பாகர்கள் உளியும் சுத்தியலும் வைத்திருந்தார்கள். யானை மிரண்டால் தலையும் கழுத்தும் சேரும் மூட்டில் உளியை வைத்து அடித்துத் தாங்களே கொன்றார்கள். அன்று எதிரி கொன்றதைவிடப் பாகன் கொன்றதே அதிகம் என்று ரோமானியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் ஆயிரத்தில் பாகன் கணக்கு எவ்வளவு?

சுவடிப்பூச்சி:
இருவருக்கும் ஒன்று. பன்னிரு பாட்டியல் என்ற இலக்கண நூல், பரணி பாட எழுநூறு யானை போதும் என்கிறது.

தொண்டைநாட்டான்:
ஆயிரம் என்றால் ஆயிரம்தான். பூச்சி ஏட்டை அரிக்கட்டும், எண்ணை அரிக்க வேண்டாம்.

சுவடிப்பூச்சி:
சரி, பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடுகிற பகுதியைப் படித்தீரா? முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை, செத்தவன் பல் அரிசி. இதைப் படித்தவனுக்குப் போருக்குப் போக ஆசை வருமா?

தொண்டைநாட்டான்:
அது காளிக்கு இடும் படையல், மரபு. குமட்டினால் உம் வயிற்றைப் பாரும். தோற்றவன் நாட்டுப் பெயரையே நூலுக்கு வைத்தோமே, அந்தப் பெருந்தன்மை எவனுக்கு வரும்?

ஏட்டுச்சுரைக்காய்:
"வைத்தோமே"வாம்! 900 வருடத்துக்கு முன் இவரும் படையோடு போயிருந்தார் போல. தோற்றவன் பெயரை வைத்தது, இன்னாரை அடித்தோம் என்று ஊரறியச் சொல்ல. பெருந்தன்மை எங்கிருந்து வந்தது? போகட்டும், தீனி எங்கே?

தொண்டைநாட்டான்:
போன மாதம் வளரி என்ற எறிகருவி பற்றிய இழையில் உம்மை நிர்வாகி விரட்டியது எல்லாருக்கும் தெரியும். அங்கே எடை, இங்கே தீனி. வீரம் என்றாலே இவருக்குத் தராசு வேண்டும்.

ஏட்டுச்சுரைக்காய்:
விரட்டவில்லை, இழையைப் பூட்டினார். காரணம் நீர் போட்ட வசவு. தீனிக்குப் பதில் வரவில்லை.

தொண்டைநாட்டான்:
வைக்கோல் கட்டு எண்ணுகிறவனோடு எனக்கு என்ன பேச்சு.

ஏட்டுச்சுரைக்காய்:
வைக்கோல் இல்லை, பசுந்தழை. தண்ணீரும் குறைந்து காய்ந்த தீனியாகவே போட்டால் யானைக்குக் குடல் அடைத்துக்கொள்ளும். அதையும் கருணாகரன் கொன்ற கணக்கில் எழுதிக்கொள்ளும்.