வெறும் எண்டர் தட்டினால் பழைய தொகையே மீண்டும் பதிவாகிறது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

முன்பு வேலை பார்த்த ஒரு மொத்த வியாபாரக் கடையில், அன்றாட ரசீதுகளைப் பதிவதற்காக விண்டோஸில் ஒரு பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் உரைக் கோப்பு) எழுதிக் கொடுத்திருந்தேன். ரசீது எண்ணையும் தொகையையும் கேட்டு, உரைக் கோப்பின் கடைசியில் சேர்த்துவிட்டு, அடுத்த ரசீதுக்காக அது மீண்டும் மேலே திரும்பும். ஒரு நாள் மாலை, கணக்கில் 4,750 ரூபாய் கூடுதலாக நின்றது. கோப்பைத் திறந்து பார்த்தால், 118, 119 ஆகிய இரண்டு ரசீதுகளுக்கும் நேராக 4,750 என்றே இருந்தது. கணக்கு எழுதும் அக்காவிடம் கேட்டேன். "119 கேன்சல் ஆன பில்லு தம்பி, நான் தொகையே அடிக்கலை, வெறும் எண்டர்தான் தட்டினேன்" என்றார்.

தொகை காலியாக இருந்தால் மறுபடியும் கேட்க வேண்டும் என்ற சோதனையை நான் எழுதியே இருந்ததால், முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது: பதிலைக் கேட்டு வாங்கி ஒரு மாறியில் (மதிப்பை வைத்திருக்கும் பெயரில்) வைப்பது 'செட் /பி' கட்டளை; வெறும் எண்டர் வந்தால் அது மாறியைக் காலியாக்குவதில்லை, அதில் ஏற்கெனவே இருந்த மதிப்பைத் தொடாமல் விட்டுவிடுகிறது. முதல் சுற்றில் அந்த மாறிக்கு மதிப்பே இல்லாததால் என் சோதனை ஒழுங்காக வேலை செய்தது. நான் அந்த ஒரு சுற்றை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒப்படைத்திருந்தேன். கேள்விக்கு முந்தைய வரியில் 'செட் "தொகை="' என்று எழுதி மாறியை ஒவ்வொரு முறையும் அழித்ததும் சிக்கல் தீர்ந்தது. ரத்தான ரசீதுக்கு 0 அடிக்க வேண்டும் என்பதையும் கேள்வியிலேயே சேர்த்தேன்.

*

எனக்கு நேர்ந்தது லினக்ஸில். கோப்புறையின் பெயர் காலியாக இருக்கும்வரை 'எக்கோ' மூலம் கேள்வியை அச்சிட்டு, 'ரீட்' மூலம் பதிலை வாங்கும் 'வைல்' சுழல் ஒன்றை, லினக்ஸின் கட்டளை மொழியான பாஷில் எழுதியிருந்தேன். கையால் ஓட்டியபோது குறையே இல்லை. அதை ஒருவர், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டார். அங்கே விசைப்பலகை ஏது? உள்ளீடு தொடங்கும்போதே முடிந்துவிடுவதால் 'ரீட்' காத்திருக்காமல் உடனே திரும்புகிறது, மாறி காலியாகவே இருக்கிறது, சுழல் நிற்பதே இல்லை. மறுநாள் காலையில் வட்டு நிரம்பியிருந்தது. பதிவுக் கோப்பு முழுவதும் "கோப்புறையின் பெயர்:" என்ற ஒரே வரி.

ஒரு கட்டளை முடியும்போது வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்தான் வெளியேறு நிலை. வெறும் எண்டருக்கு 'ரீட்' தரும் நிலை 0; உள்ளீடு தீர்ந்துவிட்டால் அது 0 ஆக இருக்காது. மாறியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், இப்போது முதலில் அந்த நிலையைப் பார்த்து, 0 இல்லையென்றால் அங்கேயே வெளியேறிவிடுகிறேன்.

*

பைத்தானில் இந்த வேறுபாடு தெளிவாகவே தெரியும்: 'இன்புட்' வெறும் எண்டருக்கு வெற்றுச் சரத்தைத் தருகிறது, உள்ளீடு முடிந்துவிட்டால் 'இஓஎஃப்எரர்' என்ற பிழையை எழுப்புகிறது. என்னைத் தடுமாற வைத்தது இடைவெளி. ஒருவர் ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டு எண்டர் அடித்ததால், காலி இல்லை என்று சோதனை அதை உள்ளே விட்டுவிட்டது. பட்டியலில் பெயரில்லாத ஒரு வரி சேர்ந்தது. அன்றிலிருந்து 'ஸ்ட்ரிப்' மூலம் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்கிய பிறகே காலியா என்று பார்க்கிறேன்.