ஷோகேஸ் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவுகிறார்கள், என்ன செய்யலாம்?

பவுன்கடைப் பையன்: தர்மபுரியில் எங்களுடையது சின்ன நகைக்கடை, ஷோகேஸ் அஞ்சடி அகலம், ரெண்டரை அடி ஆழம், மேற்குப் பார்த்த வாசல். முடிவே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருப்பது போலத் தெரியுமே, அந்த டூ-வே மிரர் (வெளிச்சத்தில் பாதியைத் திருப்பி, பாதியை உள்ளே விடும் கண்ணாடி), நடுவில் எல்இடி, பின்னால் இன்னொரு கண்ணாடி, அதைப் போட்டேன். ராத்திரி பிரமாதம். பகலில் போகிறவர்கள் நின்று மீசையைத் தடவி, தலை சீவிவிட்டுப் போகிறார்கள். “காசைக் கொட்டி சலூன் கண்ணாடி வாங்கியிருக்கே” என்று சித்தப்பா தினமும் திட்டுகிறார்.

லைட்டிங்காரன்: அது கண்ணாடியின் குற்றமில்லை தம்பி. டூ-வே மிரரில் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் நிற்பவருக்கு முகம்தான் தெரியும். நேர் வெயில் லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும், உங்கள் எல்இடி எந்த மூலைக்கு? 1862-ல் லண்டனில் பெப்பர் என்பவர் சாய்ந்த கண்ணாடியை வைத்து மேடையில் பேயைக் காட்டினார், அதுவும் அரங்கம் இருட்டாக இருந்ததால்தான் நடந்தது. அப்புறம், பின்னால் கறுப்பு வெல்வெட் வேண்டவே வேண்டாம், கண்ணாடியில் பஸ்ஸும் ஆட்டோவும்தான் தெரியும். வெளிர் நிறம் போடுங்கள்.

ஓசூர் தச்சன்: வெளிச்சத்தை நம்பாத வித்தை ஒன்று இருக்கிறது. ராமேஸ்வரம் பிரகாரத்தில் நின்றால் தூண்கள் தூரம் போகப் போகச் சிறுக்குமில்லையா, அதையே பிளைவுட்டில் பொய்யாகச் செய்யுங்கள். முன் தூண் ரெண்டடி, கடைசித் தூண் அரையடி, தரை பின்னால் ஏற வேண்டும், மேல்பலகை இறங்க வேண்டும், பக்கச் சுவர்கள் நெருங்க வேண்டும். ரோமில் ஸ்பாதா மாளிகையில் பொரோமினி என்ற கட்டடக் கலைஞர் 1650-களில் கட்டிய நடை ஒன்பது மீட்டர்கூட இல்லை, பார்த்தால் முப்பத்தைந்து மீட்டர் போல இருக்கும். அதன் கோடியில் ஆள் உயரம் போலத் தெரியும் சிலை உண்மையில் அறுபது சென்டிமீட்டர்தான். நீங்கள் கோடியில் ஒற்றை ஜிமிக்கியைத் தொங்கவிடுங்கள், கோயில் மணி போலத் தெரியும். ஒன்று, ரொம்பக் கிட்ட வந்தால் ரெண்டு கண்ணும் சேர்ந்து குட்டை உடைத்துவிடும், அதனால் முன்னால் ஒரு படியோ தொட்டியோ வைத்து ஆளை நாலடி தள்ளியே நிறுத்துங்கள்.

பவுன்கடைப் பையன்: அண்ணா, பெரிசாகக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டார்களா?

பழைய வியாபாரி: எடையை எழுதிப் பக்கத்திலேயே வைத்துவிடு, பேச்சே வராது. நியூயார்க்கில் டிஃபனி நகைக்கடைக்கு ஜீன் மூர் என்பவர் 1955-லிருந்து நாற்பது வருஷம் போல ஜன்னல் அலங்கரித்தார், சின்னச் சின்ன ஜன்னல்கள்தான். நீ நகையைக் கொட்டிக் குவிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அஞ்சடிக்கு ஒரு ஜிமிக்கி போதும். சித்தப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம்.

பவுன்கடைப் பையன்: அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு மாதிரி செய்து பார்த்தேன். வாசல் தெளிக்க வந்த அக்கா தள்ளி நின்று பார்த்துவிட்டு, “இது எத்தனை பவுன் இருக்கும் தம்பி?” என்றார். மூணு கிராம். சித்தப்பா பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் பேசவில்லை. தச்சரண்ணா, பிளைவுட் எத்தனை எம்எம் வாங்கட்டும்?