மீட்டிங்கில் திடீரென்று கேள்வி வந்தால் வாயடைத்துப் போகிறேன்

மென்பொருள் சோதனைப் பிரிவில் 4 வருடமாக வேலை பார்க்கிறேன். திங்கள்கிழமை மீட்டிங்கில் என் பங்கைச் சொல்லி முடிக்கும் வரை சிக்கல் இல்லை. அதன் பிறகு மேலாளர், "இது ஏன் தள்ளிப்போச்சு?" என்று கேட்டால் தொண்டை வறண்டுவிடுகிறது. பதில் தெரியும். போன வாரம் அந்தப் பிழை எந்த வரியில் இருக்கிறது என்பது வரை தெரியும். ஆனாலும் "பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் அதையே சொல்லிப் பாராட்டு வாங்கினார். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

8 மாதமாக முயல்கிறேன். கண்ணாடி முன் பேசிப் பார்த்தேன், பலன் இல்லை. போனில் பதிவு செய்து கேட்டதில் பேச்சின் வேகம் கொஞ்சம் குறைந்தது. அப்புறம் மேடைப் பேச்சுப் பயிற்சி தரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் சேர்ந்தேன். தயாரித்துப் போகும் 5 முதல் 7 நிமிடப் பேச்சு நன்றாகவே வருகிறது. அங்கேயே தலைப்புக் கொடுத்து 2 நிமிடம் வரை பேசச் சொல்லும் டேபிள் டாபிக்ஸில் மட்டும் அதே தடுமாற்றம். ஒருவரிடம் தனியாக என்றால் சரளமாகப் பேசுகிறேன், ஆங்கிலத்திலும்தான். அதனால் மொழி பிரச்சினை இல்லை.

இதே நிலையிலிருந்து மீண்டவர்கள் சொல்லுங்கள்: எதிர்பாராத கேள்வி வந்ததும் அந்த முதல் 10 நொடியைக் கடக்க எப்படிப் பழகினீர்கள்?