நண்பர்களோடு மதியச் சாப்பாடு: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் நான்கு பேர் மதியம் சேர்ந்து சாப்பிடலாம் என்றிருக்கிறோம். சாப்பிடும்போது முகக்கவசத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டும், கொரோனாவோ காற்றில் பரவுவது. அதனால் ஏசி அறை வேண்டாம், திறந்தவெளிதான் என்பது என் கட்சி. தோழி ஒருத்தி, ‘உள்ளேயே 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதாதா?’ என்கிறாள். காற்றோட்டம் இல்லாத அறையில் இடைவெளி மட்டும் என்ன செய்யும்?

இன்னொரு நண்பரின் வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். அன்று காலை எல்லோரும், கொரோனா இருக்கிறதா என்று சில நிமிடங்களில் காட்டும் ஆன்டிஜென் பரிசோதனை செய்துகொள்ளலாம்தான். ஆனால் தொற்றின் தொடக்கத்தில் அது நெகட்டிவ் காட்டிவிடக்கூடும். இப்படிச் சந்தித்தவர்கள் என்ன ஏற்பாடு செய்தீர்கள்? அப்புறம், அந்த நண்பரைச் சங்கடப்படுத்தாமல் ‘வருகிறாயா’ என்று எப்படிக் கேட்பது?